லோகா பதில் சொல்லும்வரை

புதிதாக இந்த இளைஞர் சேவை வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களுக்காகப் போடும் புத்தகத்தில் எனக்கும் நாலு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். நாலு பக்கம் எனக்கு எந்த மூலைக்குப் போதும்? இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். மற்ற பக்கங்களை எழுதுகிறவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனவள். அதனால் எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கருத்துப்பிழை இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நர்ஸாக இருப்பவளையோ, வெல்டிங் செய்பவனையோ, சொந்தமாகச் சலூன் வைத்திருப்பவனையோ நிறுத்தி, "உன்னைக் கைதூக்கிவிட்டது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "ராசாத்தி அக்கா" என்பார்கள். மீதிப் பேர் நன்றி மறந்தவர்கள்.

எல்லாருக்கும் நான் அக்காதான். பேரன் வயதுக்காரனும் அக்கா என்பான். வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் பசாரில் மீன் வாங்கப் போனால் மூன்று பேர் வழிமறித்து வணக்கம் சொல்வார்கள். மீன்காரர் அதைப் பார்த்துவிட்டு நல்ல மீனாகப் பொறுக்கித் தருவார். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஃபாரம் நிரப்புவது, அறிக்கை எழுதுவது, முகாம் நடத்துவது பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் என் வாயைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இந்த வாயால் நான் நிறையப் பேரை வாழ வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பெண்ணின் வாழ்க்கையை இதே வாயால் கெடுக்கவும் பார்த்தேன். நல்ல வேளை, சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தோட்டத்து ஆபீசுக்குத் தனியாகப் போக மாட்டார்கள். பேசத் தெரிந்த ஓர் ஆளை முன்னால் விட்டுவிட்டு, விஷயத்துக்கு உரியவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கூரை ஒழுகுவது ஒருவர் வீட்டில், அதைப் பற்றிப் பேசுவது வேறொருவர். வயிற்றுவலி ஒருவருக்கு, எங்கே வலிக்கிறது என்று ஆபீஸ் கிராணியிடம் சொல்வது இன்னொருவர். பதினேழு வயதில் அந்தப் பேசுகிற ஆள் நானாகிவிட்டேன். மலாய் நான் பசாரில் கற்றது. ஆங்கிலம் துரை எங்களைத் திட்டும்போது கற்றது. இரண்டையும் சேர்த்து அடித்தால் எந்த ஆபீசிலும் கதவு திறக்கும்.

பிறகு ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. சனங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு டவுன் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனார்கள். சட்டிபானையோடு அந்த வழக்கத்தையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இளைஞர் மன்றம் ஆரம்பித்தேன். கார் கிடையாது, அதனால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நான் படியேறாத ஆபீஸ் இல்லை.

ஒருமுறை அடையாள அட்டையைத் தொலைத்த பையன் ஒருவனைக் கூட்டிப் போனேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். பிறந்த தேதி, சொன்னேன். அப்பா பெயர், அம்மா பெயர், மதம், மச்சம் இருக்கிற இடம், எல்லாம் நானே. கடைசியில் கைரேகை வைக்கச் சொன்னபோது என் கட்டைவிரல்தான் முதலில் நீண்டது. அந்தப் பெண் அதிகாரி என் விரலைப் பிடித்து ஒதுக்கிவிட்டு அவன் விரலை இழுத்து வைத்தாள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேர்முகத் தேர்வுகளுக்கும் அப்படித்தான். என் பிள்ளைகளுக்கென்றே மலாயில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஏன் இந்தப் பயிற்சிக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டால் ஒப்பிக்க வேண்டியது: "சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தத் துறையில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு, வாய்ப்புக் கிடைத்தால் என் குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் நாட்டுக்கும் சேவை செய்வேன்." எவ்வளவு அழகு பாருங்கள். குடும்பம், சமுதாயம், நாடு, மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தாகிவிட்டது. சமையல் பயிற்சிக்குப் போனவனும் இதைத்தான் சொன்னான், தையலுக்குப் போனவளும் இதைத்தான் சொன்னாள்.

இப்படி இருந்தபோதுதான் லோகா வந்தாள்.

லோகேஸ்வரி என்று முழுப் பெயர். லோரி ஓட்டும் முனியாண்டியின் ஒரே மகள், தாய் இல்லாத பிள்ளை. பதினெட்டு வயது. பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்திருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று மாதம் அவளை நான் மந்தம் என்றுதான் நினைத்தேன். "சாப்டியாம்மா?" என்று கேட்டால், நான் அடுத்த ஆளிடம் பேசி முடித்துத் திரும்பும்போது "சாப்டேன்க்கா" என்று பதில் வரும்.

ஒருநாள் மன்றத்து வேன் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பையன்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எல்லாருக்கும் மேலே நான் சொன்னேன். லோகா பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னொரு தடவ திருப்புங்கக்கா" என்றாள். திருப்பினேன். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்புறம் சொன்னாள்: "டீசல் ஃபில்டர்ல தண்ணி இருக்கு." பட்டறைக்காரர் வந்து திறந்து பார்த்தார். தண்ணீர்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஈப்போவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். கனரக வாகனம் பழுதுபார்க்க இரண்டு வருடப் படிப்பு, தங்குமிடத்தோடு. அந்தச் சேர்க்கையில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. ஃபாரத்தோடு முனியாண்டி வீட்டுக்குப் போனேன்.

"லோரி அடியில படுக்கவா நான் இவள எஸ்.பி.எம். வரைக்கும் படிக்க வெச்சேன்?" என்றார் முனியாண்டி. "நான் படுத்தது போதும்லா அக்கா."

"நீ சர்ட்டிபிகேட் இல்லாம படுத்த தம்பி. இவ சர்ட்டிபிகேட்டோட படுப்பா."

"கிளவ் ஃபேக்டரியில சொல்லி வெச்சாச்சு. பஸ்ஸு வாசலுக்கே வருது, உள்ள ஏர்கான் இருக்கு. வார திங்கக்கெழமயிலருந்து வேல."

"ஒரு இண்டர்வியூ. ஒன்னே ஒன்னு. வெள்ளிக்கெழம."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, ஒன்னு. கெடைக்கலன்னா திங்கக்கெழம பஸ் ஏறிடுவா. அப்பறம் நீங்க ஃபாரத்த தூக்கிக்கிட்டு என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

நாங்கள் பேசி முடித்தோம். லோகா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சம்மதத்தை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் அவளுக்கு என் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். மனப்பாடம் செய்வதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. சொல்லத் தொடங்குவதற்குத்தான் நேரம் எடுத்தது. "ஒடனே சொல்லு! ஒடனே!" என்று தொடையைத் தட்டித் தட்டிப் பழக்கினேன், ஓட்டப்பந்தயத்துக்குப் பழக்குவது போல.

வெள்ளிக்கிழமை முனியாண்டியின் லோரியிலேயே ஈப்போவுக்குப் போனோம். முன்சீட்டில் மூன்று பேர், பின்னால் முந்தின நாள் ஏற்றிய செம்பனைக் குலையின் வாடை. நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். முனியாண்டி லோரியை நிழலில் நிறுத்திவிட்டு, "நீங்க போங்க, ஆபீஸ்னா எனக்கு ஒத்துக்காது" என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நான் லோகாவைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. தடுக்கும்படி நான் நடக்க மாட்டேன்.

உள்ளே ஒரு மலாய்க்கார அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். நெஞ்சில் பெயர்ப்பட்டை இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியை லோரியில் விட்டுவிட்டு வந்திருந்தேன், அதனால் இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு ஒரு வாத்தியார் உண்டென்றால் அது அவர்தான். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"உன் பெயர் என்ன?"

"லோகேஸ்வரி, முனியாண்டி மகள்," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு லோகாவைப் பார்த்து, "கார் பிரேக்குக்கும் லோரி பிரேக்குக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

லோகா யோசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "லோரி பிரேக் பெரிசு," என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "ஏன் இந்தப் பயிற்சிக்கு வர விரும்புகிறாய்?"

இதுதான் நம் கேள்வி! லோகாவின் இடுப்பில் ஒரு குத்து விட்டேன். அவள், "சின்ன வயதிலிருந்தே எனக்கு..." என்று ஆரம்பித்தாள். பாதியில் இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. அதிகாரி! "...ஆழ்ந்த ஆர்வம் உண்டு, வாய்ப்புக் கிடைத்தால் என் குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் நாட்டுக்கும்..." ஓர் எழுத்துப் பிசகாமல் கடைசிவரை சொல்லி முடித்தார்.

"போன தடவை ஏர்கான் படிப்புக்கு வந்தவன் சொன்னான்," என்றார். "அதற்கு முன்னால் கேக் செய்ய வந்தவள் சொன்னாள். சுங்கை சிப்புட்டில் பிறக்கிற குழந்தைகளுக்கு எல்லாத் துறையிலும் ஆர்வம் போலிருக்கிறது." பிறகு என் பக்கம் திரும்பினார். "புவான், நீங்கள் இந்தப் பயிற்சியில் சேர விரும்புகிறீர்களா?"

"வயசு வரம்பு இல்லேன்னா சேர்ந்துக்கறேன்," என்றேன்.

எந்த ஆபீசிலும் இப்படி ஒன்று சொன்னால் சிரிப்பார்கள், காரியம் நடந்துவிடும். அவர் சிரிக்கவில்லை. கோப்பை மூடினார். "இந்தப் பெண் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. இப்போதே முடிவு சொல்லச் சொன்னால், இடம் இல்லை என்றுதான் சொல்வேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து இரண்டே முக்காலுக்கு வருவேன். அவள் மட்டும் உள்ளே வரட்டும். உங்கள் குரல் கேட்டால் இந்தக் கோப்பை மறுபடி திறக்க மாட்டேன்."

தம்பி தங்கைகளே, ராசாத்தியை ஓர் அறையிலிருந்து வெளியே அனுப்பிய முதல் மனிதர் அவர். பட்டுச்சேலையில் வேறு இருந்தேன்.

லோரிக்குத் திரும்பினோம். முனியாண்டி தலையை வெளியே நீட்டி, "என்னாச்சு?" என்றார்.

"ஒன்னுமில்ல. டீ பிரேக்கு," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து லோகா வாயைத் திறந்தாள். "அக்கா பெயிலாயிட்டாங்கப்பா."

முனியாண்டி ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சிரிப்பு ஒரு மனிதனுக்கு ஆகாது. சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "அப்ப போலாம். சும்மா நின்னு என்னா செய்ய? திங்கக்கெழமக்கி இவளுக்கு ரெண்டு பேண்ட் எடுக்கணும்."

"ரெண்டே முக்காலுக்குத் திரும்பக் கூப்புட்டிருக்காரு, அதுவரைக்கும் இண்டர்வியூ முடியல தம்பி. வா, கோப்பி குடிப்போம்."

பக்கத்தில் ஒரு சீனர் கோப்பிக் கடை. முனியாண்டி மீ நூடுல்ஸ் சாப்பிட்டார். லோகா ஒன்றும் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. என் கைப்பையில் கைத்தொலைபேசி இருந்தது, அதில் ஒரு பெரிய மனிதரின் நம்பர் இருந்தது. பெயர் வேண்டாம். நம் பகுதியில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் மூடின கோப்பு திறந்துகொள்ளும். எனக்கு அவர் கடமைப்பட்டவர், அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியை நடத்திக் கொடுத்ததே நான்தான். ஒரு போன். அந்தச் சட்டைக்கையை மடித்த ஆள் வாசலுக்கே வந்து, "புவான், உள்ளே வாருங்கள்" என்பார். அந்தக் காட்சியை நினைத்தபோதே எனக்குப் பசி வந்துவிட்டது. நம்பரை அழுத்தினேன்.

மணி அடிக்கும்போது லோகா, "வேணாக்கா," என்றாள்.

"ஏன்?"

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் பெரிய மனிதர் போனை எடுத்துவிட்டார். "ஹலோ? ராசாத்தியம்மாவா? ஹலோ?" என்கிறார். இந்தப் பக்கம் இவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் வாழ்க்கையில் அதுவரை, பெரிய மனிதரையும் சின்னப் பெண்ணையும் வைத்துக்கொண்டு யாருக்கு முதலில் பதில் சொல்வது என்ற சந்தேகமே எனக்கு வந்ததில்லை. அன்றைக்கு ஏனோ போனை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மேசைக்கு அடியிலிருந்து "ஹலோ, ஹலோ" என்று சத்தம்.

லோகா நிமிர்ந்தாள். "அந்த ஆபீசர் என்சிக் என்னியதான கேட்டாரு?"

அவ்வளவுதான் சொன்னாள். போனைக் காதில் வைத்து, "ஒன்னுமில்லீங்க, சாப்டீங்களான்னு கேக்கத்தான் எடுத்தேன்," என்றேன். "சாப்டேன்மா," என்றார் பாவம், ஆச்சரியத்தோடு. வைத்துவிட்டேன்.

முனியாண்டி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் மீயில் பாதியை அவள் பக்கம் தள்ளினார். அவள் சாப்பிட்டாள்.

உங்கள் போனிலும் இப்படி ஒரு நம்பர் சீக்கிரமே வந்து சேரும். வரவில்லை என்றால் நீங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கும் தண்ணீருக்கும் போன் அடியுங்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கும்போது மட்டும் அந்த நம்பரைத் தொடாதீர்கள். அந்தக் கேள்வி அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். சிலரிடம் பதினெட்டு வயதுவரை யாருமே ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

கடையை விட்டு வரும்போது, கல்லாவில் இருந்த கண்ணாடிப் போத்தலிலிருந்து அசாம் போய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். உப்பும் புளிப்புமாக உலர்த்தின பழம். கொட்டையோடு ஒன்றை வாயில் போட்டால் கன்னம் ஒட்டிக்கொள்ளும், பேச வராது. நான் ஒன்று போடவில்லை. மூன்று போட்டேன்.

இரண்டே முக்காலுக்கு லோகா தனியாக உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பக்கத்தில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஜன்னல் திறந்திருந்தது. அதன் கீழே ஒரு பெஞ்சு. இந்தத் தடவை முனியாண்டியும் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

உள்ளே அதிகாரியின் குரல் கேட்டது. "காலையில் கேட்ட கேள்விதான். கார் பிரேக், லோரி பிரேக்."

ஒன்றும் கேட்கவில்லை. நான் அசாம் போயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினேன். பிறகு லோகாவின் குரல், மெதுவாக, அவளுடைய சொந்த மலாயில்: "காரில் எண்ணெய் போய்விட்டால் பிரேக் போய்விடும். லோரியில் காற்று போய்விட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும்."

பெரிசு என்று சொன்ன நான் தரையைப் பார்த்தேன்.

"சரி. ஏன் இந்தப் பயிற்சிக்கு வர விரும்புகிறாய்?"

இப்போது வந்தது பாருங்கள் ஓர் அமைதி. சாலையில் மோட்டார்சைக்கிள்கள் போயின. சிவப்பு விளக்கு விழுந்தது, நின்றன. பச்சை விழுந்தது, மறுபடி போயின. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வாக்கியம் மறந்துபோய்விட்டதோ? "சின்ன வயதிலிருந்தே" என்று ஓர் அடி எடுத்துக் கொடுத்தால் போதுமே? ஜன்னல் பக்கம் ஓர் இருமல் இருமினால்கூடப் போதுமே? என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

என் கைப்பை பின்னால் இழுத்தது. முனியாண்டி அதன் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் ரகசியமாக.

வாய் நிறைய அசாம் போய். கதவைக் கையால் காட்டினேன்.

"ஒக்காருங்கக்கா. யோசிக்கிறா."

கையை விரித்து, எவ்வளவு நேரம் என்று சைகையில் கேட்டேன்.

"செம்பனக் காட்டுல லோரி நின்னுப் போச்சுன்னா, நான் எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தையெல்லாம் பேசி முடிக்கற வரைக்கும் அவ வாயத் தொறக்க மாட்டா. அப்பறமா ஒன்னு சொல்லுவா. அது சரியா இருக்கும்லா. ஒக்காருங்க."

திங்கட்கிழமை பஸ் ஏற்றுவேன் என்று சொன்ன அதே ஆள்! எனக்கு முன்னால் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டதே என்று பொறாமையாகக்கூட இருந்தது. உட்கார்ந்தேன். அவர் வாரை விடவில்லை.

அப்புறம் லோகா பேசினாள். இதையும் தமிழில் தருகிறேன். இடையிடையே அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை என்னால் எழுத முடியாது, நீங்களாக நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

"என்சிக், எனக்குச் சின்ன வயதில் இதில் ஆர்வம் இல்லை. பயம்தான் இருந்தது. அப்பா லோரிக்கு அடியில் படுப்பார். ஜாக்கை மட்டும்தான் வைப்பார், கட்டை முட்டுக் கொடுக்க மாட்டார். நான் வெளியே உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். கால் ஆடினால் சரி. ஆடாவிட்டால் அப்பா என்று கூப்பிடுவேன். பிறகு நானே கட்டையைத் தள்ளிக்கொண்டுபோய் வைக்கப் பழகினேன். எங்கே கோளாறு என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் அவர் அடியில் இருக்கிற நேரம் குறையும் அல்லவா? அதற்காகத்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் பயம் இருக்கிறது. ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போய்விடும் என்று நினைக்கிறேன்."

என் கைப்பை வார் தளர்ந்தது. முனியாண்டியின் கை அவர் மடிக்கே போய்விட்டது.

"வெளையாடுறான்னு நெனச்சேன்க்கா," என்றார். "கட்டைய வெச்சு வெளையாடுறான்னு. 'அப்பா, அப்பா'ன்னு சும்மா கூப்புட்டுக்கிட்டே இருப்பா. தொந்தரவு பண்ணாதன்னு திட்டுவேன்லா."

மூன்று நாள் உட்காரவைத்து நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை நினைத்துப் பார்த்தேன். குடும்பம், சமுதாயம், நாடு. அந்த மூன்றுக்குள்ளும் அவள் அப்பாவின் கால் எங்கேயும் இல்லை. நான் அந்த வாக்கியத்தைக் கொடுத்து அனுப்பிய மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்வதற்கு என்னென்ன இருந்ததோ, அதை நான் கேட்டதே இல்லை.

கதவு திறந்தது. அதிகாரி கோப்போடு வந்தார், பின்னால் லோகா. அவர் முனியாண்டியிடம், "நீங்கள்தான் அப்பாவா?" என்று கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். "இடம் இருக்கிறது. உங்கள் கையெழுத்து வேண்டும்."

ஆபீஸ் ஒத்துக்கொள்ளாத முனியாண்டி பேனாவை வாங்கி, சுவரில் தாளை வைத்து, பெயர் முழுவதையும் பெரிய பெரிய எழுத்தில் போட்டார். தோட்டத்து வழக்கத்தை மீறி அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவருக்கு முன்னால் போய் நிற்கவில்லை.

"திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது," என்றார் அதிகாரி. "நீ எப்போது வந்து சேர முடியும்?"

கேட்டது லோகாவை. அவள் வழக்கம்போல யோசிக்கத் தொடங்கினாள். அதிகாரி கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். முனியாண்டி தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நின்றேன். மூன்று பெரியவர்கள், ஒரு நடைபாதையில், ஒரு பெண் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு. யாருக்கும் அவசரமில்லை.

"புதன்கிழமை," என்றாள் லோகா.

"ஏன் புதன்?"

"திங்களும் செவ்வாயும் அப்பாவுக்குக் கட்டை வைக்கச் சொல்லிக் கொடுக்கணும்."

"எனக்கா? கிளாஸா?" என்றார் முனியாண்டி. "இத்தன வருசம் லோரி ஓட்டுறவனுக்கா?"

"ரெண்டு நாள் பத்துமாப்பா?" என்றாள் அவள்.

அவர் தொப்பியைத் தலையில் போட்டுக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். "பத்தும்லா," என்றார்.

அதிகாரி தாளில் புதன் என்று எழுதினார். போகும்போது என் பக்கம் திரும்பி, "புவான், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அதை என்னைவிட அழகாக ஆட்டுகிற ஆள் உங்களுக்குக் கிடைக்காது.